ஊருக்கு ஒரு விருந்து

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயில் நின்றபோது நான் முதலில் கண்டது ஒரு கறுப்புக் குடை. மடக்கித் தோளில் சாய்த்திருந்த அந்தக் குடையின் வளைந்த பிடியில் ஒரு ஜோடிச் செருப்பு தொங்கிக்கொண்டிருந்தது. செருப்புக்கு உரியவர் வெறுங்காலோடு நின்றார். அவருடைய மற்றொரு கையில் துணி சுற்றிய ஹார்மோனியப் பெட்டி இருந்தது.

அவர் உபதேசியார் அருளப்பன். ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கச் சுவாமியாரின் கீழ் ஊர் ஊராகப் போய்க் கிறிஸ்து வேதம் சொல்கிறவர். சில வருஷங்களுக்கு முன் இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இவர் பிரசங்கம் செய்ததை நான் கேட்டிருக்கிறேன். கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில், மழைத் தூறலில், கெட்ட குமாரனின் கதையைச் சொன்னார். ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் தன் பாகத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூர தேசம் போகிறான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கிறான். கடைசியில் வீட்டுக்குத் திரும்புகிறான். தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டு, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கூலிகள். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். மறுநாள் காலை ஒரு கூட்டமே ஊருக்குப் போக லீவு கேட்டது. தோட்டத்துத் துரை அதன் பிறகு உபதேசியாரை உள்ளே விடவில்லை.

நான் வேதக்காரன் அல்ல. கொழும்பில் பிறந்து வளர்ந்த சைவக் குடும்பத்தவன். அங்கே ஒரு தமிழ்த் தினசரியில் வேலை. "கப்பலேறியவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னது சரி. ஊரிலேயே இருப்பவர்களிடம் அதே ஆள் எப்படிச் சொல்கிறார் என்று பார்த்து எழுது" என்றார் எங்கள் ஆசிரியர். யுத்த காலத்தில் கடல் தாண்டி வந்த விவரங்களை விட்டுவிடுகிறேன்.

"வாங்க சார். தூங்குனீங்களா? ரயில்ல எங்கே தூங்குறது. வாங்க, காப்பி குடிப்போம்" என்றார் உபதேசியார்.

காப்பி கிளப்பில் இட்லியும் கொத்சும் வைத்தார்கள். கொழும்பில் இந்த நேரத்துக்குப் பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இறங்கியிருக்கும்; டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு போகும். இங்கே மணியடித்தது ஒரு மாடு. மீதிச் சில்லறையோடு மெல்லிய செப்புக் காசு ஒன்று வந்தது. இந்தச் சமஸ்தானத்துக்கு மட்டுமே உரிய அம்மன் காசு. எல்லை தாண்டினால் செல்லாது என்றார் கிளப்புக்காரர்.

அன்று மாலை டவுனில் ஒரு வாசகசாலையில் கூட்டம். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்கள், காலேஜ் மாணவர்கள், ஒரு வக்கீல். உபதேசியார் செருப்பை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். பேச்சும் செருப்புப் போட்டுக்கொண்டது. "ஒரு கனவானுக்கு இரண்டு குமாரர்கள் இருந்தார்கள்" என்று ஆரம்பித்தார். கனவான் பென்ஷன் வாங்கிய தாசில்தார். இளைய குமாரன் படிக்கப் பட்டணம் போனவன். போன இடத்தில் குதிரைப் பந்தயம், நாடகக் கொட்டகை. பன்றிகளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். குமாரன் திரும்பி வந்தபோது தகப்பனார் சமையற்காரரை அழைத்து, "வடை பாயசத்தோடு விருந்து ஏற்பாடு பண்ணு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வேதத்தில் இருப்பது கன்று. கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

வக்கீல் எழுந்தார். "தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே பாகம் வாங்கிக்கொண்டு போனவனுக்கு, மிச்ச சொத்தில் பாத்தியதை கிடையாது. மூத்த பிள்ளை ஆட்சேபம் பண்ணியிருப்பானே? அவன் என்ன ஆனான்?"

"வக்கீல் அய்யா கேட்டது நல்ல கேள்வி. அதுக்கு மட்டும் ஒரு வாய்தா குடுங்க" என்றார் உபதேசியார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் ஹார்மோனியத்தை உடனே மூடிவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை கந்தர்வக்கோட்டைச் சந்தை. பஸ் கரி வாயுவில் ஓடுவது. பெட்ரோல் யுத்தத்துக்குப் போய்விட்டதால், பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு உருளையைக் கட்டி அதில் அடுப்புக்கரியைப் போட்டு எரிக்கிறார்கள். முதல் மேட்டிலேயே மூச்சு நின்றது.

"ஆம்பளைக எல்லாம் எறங்கித் தள்ளுங்க. உபதேசியாரே, ஒங்க சாமிய ஒரு கை குடுக்கச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

"எங்க சாமி கழுதை மேல போனவருப்பா. பஸ்ஸு சங்கதி அவருக்குப் பழக்கமில்ல."

தள்ளினோம். கரி பிடிக்கும் வரை எல்லாரும் ஒரு பனை நிழலில் உட்கார்ந்தோம். இருபது பேர், வேறு எங்கும் போக முடியாதவர்கள். பிரசங்கிக்கு இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது. அவரோ தன் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"வண்டி தள்ளிக் களைச்சவன்ட்டப் போயி, 'பாரம் சுமக்கிறவர்களே'ன்னு ஆரம்பிச்சா அடிக்க வருவான் சார்."

சந்தையில் அவர் வேறு ஆளாக இருந்தார். செருப்பு குடைக்குப் போய்விட்டது. ஹார்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முந்திரிக்கொட்டை மூட்டைகளுக்கும் ஆட்டுத் தரகர்களுக்கும் நடுவே நின்று, நடவுப் பாட்டு மெட்டில் பாடினார். இப்போது தகப்பன் கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர். இளையவன் தன் பாகத்து ஆடுகளை விற்றுவிட்டுப் போனவன். பன்றிகள் விரிவாக வந்தன, உறுமிக்கூடக் காட்டினார்.

காய்கறிக் கூடைக்குப் பின்னாலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள்: "பன்னி மேய்ச்சிட்டு வந்தவனை அப்படியே கட்டிப்புடிச்சாகளா? மொதல்ல குளிச்சானா இல்லையா?"

"ஆத்தா, கெணத்தடிக்கு இழுத்துட்டுப் போகத்தான் அப்பன் அம்புட்டுத் தூரம் ஓடியாந்தாரு!"

"அப்பச் சரி. மேல சொல்லு."

"கூட்டியாந்து என்ன செஞ்சாரு? பட்டியில நின்ன கொழுத்த கிடாய அவுத்தாரு."

"எத்தினி பல்லு?" என்று கேட்டார் ஓர் ஆட்டுத் தரகர்.

"ரெண்டு பல்லுண்ணே. எளங்கிடா."

தரகர் திருப்தியாகத் தலையாட்டினார். கிடா வெட்டும் இடத்தில் கூட்டம் இரண்டு மடங்கானது. மூத்த பிள்ளை இங்கும் வரவில்லை. கிடா வெந்ததோடு கதை முடிந்தது.

கூட்டத்தின் கடைசியில், தலையில் துணி போட்டு ஒரு பெண் நின்றுகொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். முப்பது வயதிருக்கும். எல்லாரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் வந்து ஒரு தூக்குச்சட்டியை உபதேசியார் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்கண்ணே. அந்த அய்யாவுக்கும் இருக்கு."

அவள் பேச்சியம்மாள், உபதேசியாரின் தங்கை. அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கம்மங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்திருந்தாள். சந்தை வெயிலில் அதற்கு ஈடாக ஒன்றை நான் கொழும்பில் சாப்பிட்டதில்லை. உபதேசியார் கை கழுவப் போனதும் அவள் மெல்லிய குரலில், "அண்ணன் ஞாயித்துக்கெழம எங்க ஊருக்கு வாராக. ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன். சொந்த ஊருக்குப் போவதில் என்ன விசேஷம் என்றும் கேட்டேன்.

"எங்க ஊர்ல அவுக செத்துப்போயிட்டாகங்க."

பிறகு அவள் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அருளப்பனுக்கு வீட்டில் வைத்த பெயர் சின்னையா. பத்தொன்பது வயதில் அண்ணன் கருப்பையாவோடு சண்டை போட்டு, தன் பாகத்து ஆடுகளைப் பிரித்து விற்றுவிட்டு இலங்கைக்குப் போனார். அங்கே காய்ச்சலில் கிடந்தபோது ஒரு மாதா கோவிலில் வைத்துப் பார்த்தார்கள். வேதத்தில் சேர்ந்தார். அந்தச் சேதி ஊருக்கு வந்ததும் குடும்பம் தலை முழுகிவிட்டது. வைக்கோலில் ஓர் உருவம் செய்து, மயானத்தில் வைத்துக் கொளுத்திக் கருமாதியும் செய்தார்கள். திரும்பி வந்தவரை எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். தாயார் இறந்தபோது மயானத்துக்கும் விடவில்லை.

"வருசா வருசம் ஆடி அமாவாசைக்குச் செத்தவுகளுக்குப் படைப்போமுங்க. நாலு எலை. பாட்டனுக்கு ஒண்ணு, பெரியப்பாவுக்கு ஒண்ணு, ஆத்தாவுக்கு ஒண்ணு. நாலாவது இவுகளுக்கு. மத்த மூணுக்கும் நெல்லுச்சோறு. இவுக எலையில மட்டும் வரகுச்சோறும், தட்டாம்பயறு போட்ட கத்திரிக்கா புளிக்கொழம்பும். சின்னதுலேருந்து இவுகளுக்கு அதான் உசுரு. எலை அறுத்தாரது பெரியண்ணன். அவுக கையாலதான் நாலையும் அறுத்துட்டு வருவாக."

"உபதேசியாருக்கு இது தெரியுமா?"

"நாந்தானே சொல்றேன். ஒவ்வொரு வருசமும் கேப்பாக, 'கொழம்புல புளி சரியா இருந்துச்சா'ன்னு."

அவள் தன் சந்தைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, உபதேசியார் வந்து தூக்குச்சட்டியை வழித்துக் குடித்தார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"சொத்துக் கேக்கல சார். அந்த வீட்டுல ஒரு வாய் சோறுகூடக் கேக்கல. எங்கய்யாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. இன்னும் எத்தனை நாளோ. அவரு போறப்ப அண்ணனோட சேர்ந்து நானும் தோள் குடுக்கணும். செத்தவன் எப்படி சார் தோள் குடுக்கிறது?"

வெள்ளிக்கிழமை ஆவூர்ப் பக்கத்தில் ஒரு வேதக்காரக் கிராமம். பல தலைமுறையாக வேதத்தில் இருப்பவர்கள். வீட்டுக்கு வீடு மாதா படம், வாசலில் நிலக்கடலை காயும் சாக்கு. இவர்களுக்குக் கதை புதிதல்ல. அடுத்த வரி எல்லாருக்கும் தெரியும். உபதேசியார் இங்கே கதையைக் குறைத்து, சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர்களைக் கண்டிப்பதைக் கூட்டினார். இளையவன் தகப்பனிடம் சொல்ல வேண்டியதை வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தானாம். நீங்கள் கோவில் வாசலில்கூட அடுத்த வீட்டு எருமையைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு, வாய்ப் பழக்கத்தில், தகப்பன் கொழுத்த கிடாவை வெட்டிவிட்டார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இருந்த பெரியவர் கையை உயர்த்தினார்.

"உபதேசியாரே, வேதத்துல கன்னுக்குட்டின்னுல்ல இருக்கு? எப்பக் கிடாயாச்சு?"

"தப்புத்தாங்க. நேத்துச் சந்தையில..."

"அதுவும் வெள்ளிக்கெழம, சுத்தபோசன நாளு. கிடாயும் வெட்டி எங்களுக்குப் பாவத்தையும் சேத்து வச்சிட்டீங்க."

வெள்ளிக்கிழமையில் கறி விலக்குகிறவர்கள் அவர்கள். கூரை அதிரச் சிரித்தார்கள். உபதேசியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் விடவில்லை: "சரி, புஸ்தகத்தைத் தொறந்து மிச்சத்தையும் வாசிங்க. மூத்தவன் வயக்காட்டுலேருந்து வர்ற எடம்."

உபதேசியார் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைப் பார்த்தார். "நேரமாச்சுங்க. செபம் சொல்லுவோம்" என்று மூடிவிட்டார்.

பெரியவர் வீட்டில் சாப்பாடு. சோறு, பருப்பு, முருங்கைக்கீரை. கிடா என்ற பேச்சே எழாதபடி எல்லாரும் கவனமாக இருந்தார்கள். ஒரு சிறு பெண் மட்டும் ரசத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

சனிக்கிழமை எங்களுக்கு வேலையில்லை. குன்றாண்டார்கோவில் வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தோம். பாறையைக் குடைந்து கோவில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். உபதேசியார் கோவிலுக்குள் வரவில்லை. நான் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அவரைக் காணோம். பின்பக்கத்துப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். நானும் ஏறினேன்.

வடக்கே காய்ந்த வெளி. ஒரு கண்மாய்க் கரை, அதன் மேல் பனைகளின் வரிசை, அதற்குப் பின்னால் சில கூரைகள்.

"அந்தக் கடேசிப் பனைக்கு இங்கிட்டு இருக்கிறது எங்க வீடு. அமாவாசையன்னிக்கு இங்கதான் வந்து உக்காருவேன் சார். உச்சிக்கு மேல பொகை வரும். வரகு வேகுதுன்னு நெனைச்சுக்குவேன்."

கேட்க வேண்டியதை அங்கே வைத்துக் கேட்டேன். ஊருக்கு ஊர் சாப்பாட்டை மாற்றுகிறீர்களே, அது சரியா?

"ஊருக்கு ஊர் நாக்கு வேற சார். டவுன்ல போயி கன்னுக்குட்டிய அடிச்சேன்னா, அதோட காதைப் பொத்திக்குவாங்க. அப்பன் ஓடியாந்தது அவுக காதுல விழாது. எனக்கு அந்த அப்பன் ஓடியாரது விழணும். அதுக்காக வடை சுடுறேன்."

எங்கள் பத்திரிகையில் ஒரே தந்திச் செய்திக்கு நகரப் பதிப்பில் ஒரு தலைப்பும் தோட்டப் பதிப்பில் வேறொரு தலைப்பும் வைப்போம். செய்தியை மாற்றுவதில்லை, ஆனால் சில வரிகளை விட்டுவிடுவது உண்டு. அதைச் சொல்லி, "மூத்தவன் பகுதியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?" என்றேன்.

 "அதைச் சொல்ல வேண்டிய எடம் இன்னும் வரல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பிற்பகலில் அந்த ஊருக்குப் போனோம். அந்த ஊர்த் தலைவரான அம்பலக்காரர் இந்த வருஷம்தான் அனுமதி கொடுத்திருந்தார். நிபந்தனை உண்டு. ஊருக்குள் வரக்கூடாது, மிச்சத் தண்ணீர் வழியும் கண்மாய்க் கலுங்கில் வைத்துப் பேசிவிட்டுப் போய்விட வேண்டும். கண்மாயில் தண்ணீர் இல்லை. நடுவில் ஒரு குட்டை மட்டும் பச்சையாகக் கிடந்தது.

உபதேசியார் குடை, செருப்பு, ஹார்மோனியம் மூன்றையும் வண்டியிலேயே வைத்துவிட்டார். புத்தகத்தையும் எடுக்கவில்லை. கரை ஏறும் வரை வேகமாக நடந்தவர், கலுங்கு தெரிந்ததும் மெதுவாக நடந்தார். வழியில் குனிந்து, வேலியோரம் முளைத்திருந்த ஏதோ ஒரு செடியின் இலையைக் கிள்ளி முகர்ந்துகொண்டார்.

நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். ஆண்கள் கரை மேல், பெண்கள் சரிவில். பேச்சியம்மாள் அமாவாசைக்கு முன்னதாகவே வந்திருந்தாள். கலுங்குக் கல்லின் மறுகோடியில் ஒரு கிழவர், எங்களுக்கு முதுகு காட்டி, கண்மாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊன்றுகோல். பேச்சியம்மாள் என்னைப் பார்த்து, பிறகு அந்த முதுகைப் பார்த்தாள். அவர்தான் தகப்பனார் என்று தெரிந்துகொண்டேன்.

உழவிலிருந்து நேராக வந்த ஒருவர், கையில் மாடோட்டும் தார்க்குச்சியோடு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். உபதேசியாரின் அதே மூக்கு, அதே நெற்றி. வெயில் மட்டும் கூடுதலாக ஏறியிருந்தது.

"செத்தவனைக் கூட்டியாந்து கூட்டம் போடச் சொல்லி யாருய்யா உத்தரவு குடுத்தது?"

"காத்துக் கறுப்பா இருக்கும்டா. வேப்பிலை ஒடிச்சிட்டு வாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

"நாந்தான் குடுத்தேன் கருப்பையா" என்றார் அம்பலக்காரர். "பேசிட்டுப் போகட்டும். ஒனக்குப் புடிக்கலேன்னா காதைப் பொத்திக்க."

கருப்பையா காதைப் பொத்தவில்லை. போகவும் இல்லை. தார்க்குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

உபதேசியார் பாடவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "ஒரு அப்பனுக்கு ரெண்டு மகன்க" என்றார். இளையவன் போனதை இரண்டே வாக்கியத்தில் முடித்தார். பன்றிகள் உறுமவில்லை. இளையவன் திரும்பி வரும் இடமும் உடனே வந்துவிட்டது. மற்ற ஊர்களில் பாட்டும் சிரிப்புமாக அரை மணி நேரம் போகிற கதை அது. பிறகு, நான் அந்த வாரம் முழுக்கக் கேட்டிராத பகுதி தொடங்கியது.

"இப்ப மூத்தவன் கதை. அவன் எங்கயும் போகல. தம்பி பிரிச்சு வித்துட்டுப் போன மறு வருசம் மழையில்ல. ஏர்ல ரெண்டாவது ஆளு இல்ல. ஒத்தையா உழுதான். கண்மாய்க்குள்ள ஊத்துத் தோண்டி, கொடத்துல மொண்டு ஊத்தி, அந்த வருசத்தக் கழிச்சான். ஆத்தாளுக்கு முடியாமப் போனப்ப, வண்டி கட்டிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ராவோட ராவாக் கொண்டு போனவன் அவன். திரும்பக் கொண்டாந்தவனும் அவன். அப்பனுக்குக் கண்ணு மங்குனப்ப கையப் புடிச்சவன் அவன். ஒரு நாளும் அவனுக்குன்னு யாரும் ஒரு விருந்து வச்சதில்ல. அவன் கேட்டதுமில்ல."

சரிவில் இருந்த பெண்கள் கரைப் பக்கம் நகர்ந்து வந்தார்கள்.

"அன்னிக்கு அவன் வயக்காட்டுலேருந்து வாரான். வீட்டுல என்னமோ வாசனை. என்னன்னு கேக்குறான். ஒன் தம்பி வந்துட்டான், அதான் சமைக்கிறாகன்னு சொல்றாக."

இங்கே உபதேசியார் நிறுத்தினார். வடையா, கிடாயா, கன்றா என்று நான் காத்திருந்தேன்.

"பெருசா ஒண்ணுமில்ல. வரகுச்சோறு. தட்டாம்பயறு போட்ட கத்திரிக்காப் புளிக்கொழம்பு."

கூட்டம் கருப்பையாவைத் திரும்பிப் பார்த்தது. ஆடி அமாவாசைக்கு அந்த வீட்டில் நான்காவது இலையில் என்ன வைப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். நாளைக்கு அமாவாசை. கலுங்குக் கல்லில் ஊன்றுகோல் ஒருமுறை தட்டிய சத்தம் கேட்டது. முதுகு திரும்பவில்லை.

"மூத்தவனுக்குக் கோவம் வந்துச்சு. நியாயமான கோவம். வாசல்லயே நின்னுட்டான். உள்ள போகமாட்டேன்னான். அப்பன் வெளிய வந்து கூப்புடுறாரு. எளைய மகனுக்கு ஓடியாந்த அதே அப்பன், இவனுக்கும் எந்திரிச்சு வெளிய வந்தாரு. 'எப்பவும் நீ என்னோடதான் இருக்கே. எனக்குள்ளது எல்லாம் ஒன்னோடது. ஆனா ஒன் தம்பி செத்திருந்தான், பொழைச்சான்'ன்னு சொன்னாரு."

அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். செபம் சொல்லவில்லை, யாரையும் வேதத்துக்கு அழைக்கவும் இல்லை.

கருப்பையா தார்க்குச்சியைத் தரையிலிருந்து எடுத்தார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல், தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக் கேட்டார்:

"அந்த மூத்தவன் உள்ள போனானா, இல்லையா?"

"அது வேதத்துல எழுதலண்ணே."

"எழுதலேன்னா?"

"அப்பன் கூப்பிட்டதோட நிக்குது. அவன் என்ன செஞ்சான்னு இல்ல."

சந்தையில் கிடாவுக்கு இரண்டு பல் என்று சொன்ன மனிதர் இவர். 'போனான்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால், அந்த இடத்தில் யாரும் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அவர் சேர்க்கவில்லை.  கருப்பையா கரையை விட்டு இறங்கித் தன் மாடுகளைப் பார்த்து நடந்தார். "ஒரு பதிலும் சொல்லாமப் போறான் பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. கலுங்குக் கல்லில் இருந்த கிழவர், இன்னும் கண்மாயைப் பார்த்தபடியே, பொதுவாக எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"வெயில் இன்னும் தணியல. அந்த வேதக்காரருக்கு யாராச்சும் மோர் குடுங்கப்பா."

பேச்சியம்மாள் ஓடினாள். ஒரு செம்பு நிறைய மோர் வந்தது. உபதேசியார் அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு மூச்சில் குடித்தார். முகத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. எனக்கும் ஒரு செம்பு தந்தார்கள். உப்பும் இஞ்சியும் போட்டிருந்தது.

திரும்பும் வழியில் வண்டியில் எனக்கு வீட்டு நினைவு வந்தது.  கொழும்பில் என் தகப்பனார், தான் விட்டு வந்த திருநெல்வேலி வீட்டின் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி, வேறு பேச்சு இல்லாத நேரங்களில் சொல்வார். அந்தக் கிணற்றை நான் பார்த்ததில்லை. இந்தப் பயணத்திலும் பார்க்கப்போவதில்லை.

திங்கட்கிழமை ஆடி அமாவாசை. குன்றாண்டார்கோவிலுக்கு நல்ல கூட்டம். நாங்கள் பின்பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். உச்சிப் பொழுது தாண்டியதும் பனைகளுக்குப் பின்னாலிருந்து பல வீடுகளின் புகை ஒன்றாக எழுந்தது. அதில் எது எந்த வீட்டுப் புகை என்று பிரிக்க முடியவில்லை. அவர் பிரிக்க முயன்றார். கீழே ஒரு வியாபாரி அவித்த கடலை விற்றார். வாங்கி வந்து நடுவில் வைத்தேன். அவர் ஒன்றை உடைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது தப்பா சார்? போனான்னு சொல்லியிருக்கணுமோ?"

நான் கடலையை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். 

பொழுது சாயும் நேரத்தில் பேச்சியம்மாள், கந்தர்வக்கோட்டைக்குப் போகிற ஒரு வண்டியை நிறுத்திவிட்டுப் பாறையடிக்கு வந்தாள். எனக்கென்று ஒரு துணி முடிச்சில் முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தாள். "கப்பல்ல நமுத்துப்போகாம வச்சுக்கங்கய்யா" என்றாள்.

உபதேசியார் பாறையிலிருந்து இறங்கி வந்தார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியை இந்தத் தடவை கேட்கவில்லை. "அய்யா சாப்பிட்டாரா?" என்றார்.

"சாப்பிட்டாக. நல்லாச் சாப்பிட்டாக."

"அண்ணன்?"

"அவுகளும்."

 நான்தான் கேட்டேன், படையல் எப்படி நடந்தது என்று.

வழக்கம்போலப் பெரியண்ணன்தான் விடியற்காலையில் கொல்லைக்குப் போய் இலை அறுத்து வந்தார் என்று பேச்சியம்மாள் சொன்னாள். மூன்று இலைதான் அறுத்து வந்திருந்தார்.